இமாட்டினிப்புக்கு மசியாத செல்கள்: மருந்து எதிர்ப்பை ஆய்வகத்தில் வளர்த்து, காரணமான மரபணுவைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஐப்பசியில், ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண் ஒரு ஃப்ளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்து நின்றாள். "அக்கா, எல்லாம் செத்துப் போச்சு. கொட்டிடவா?"

வாங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உடைந்த செல்களின் குப்பை, கருத்த துகள்கள், வேறொன்றும் இல்லை. மெதுவாக நகர்த்திக்கொண்டே போனதில் ஒரு மூலையில் மூன்று செல்கள் கிடைத்தன. உருண்டையாக, ஓரம் பளிச்சென்று, கண்ணாடிக் குண்டு மாதிரி. "கொட்டாதே. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, புது மீடியாவில் அதே மருந்து அளவோடு போட்டு வை. ரெண்டு வாரம் பார்ப்போம்" என்றேன். பதினேழாம் நாள் அந்த ஃப்ளாஸ்க்கின் அடியில் மங்கலான வெண்படலம் தெரிந்தது.

அந்த மூன்று செல்கள் ஏன் சாகவில்லை? புற்றுநோயில் மருந்து எதிர்ப்பு பற்றிய ஆய்வு மொத்தமும் இந்தக் கேள்விதான். கடலூர், சிதம்பரம், விழுப்புரம் பக்கமிருந்து எம்.எஸ்சி. முடித்துவிட்டு புதுச்சேரியில் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் செய்முறைப் பகுதி நான்கு வரிதான் இருக்கும். அந்த நான்கு வரிக்குள் ஒன்றரை வருட வேலை இருக்கிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது

பண்ருட்டிப் பக்கம் கத்தரி போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே பூச்சிமருந்தை அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் புழு சாவதில்லை என்பார்கள். மருந்து புழுவுக்குப் புது வித்தை எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தாங்கக்கூடிய ஒன்றிரண்டு புழு முன்பே இருந்தன. மற்றவை செத்ததும் வயல் அவற்றுக்கு என்று ஆகிவிட்டது. லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-இல் பாக்டீரியாவை வைத்து இதையே நிரூபித்தார்கள்: வைரஸைத் தாங்கும் மரபணு மாற்றம், அந்த வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே தற்செயலாக நடந்து முடிந்திருக்கிறது.

புற்றுச் செல்களிலும் இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. அதே நேரம், மரபணு மாறாமலே மருந்தைக் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து, மருந்தை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும் செல்களும் உண்டு. நம் கையில் இருப்பது எந்த வகை என்பது பின்னால் ஒரு படியில் தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயும் அதற்கான இமாட்டினிப் மாத்திரையும். காரணம் எளிது. புற்றுநோய் மரபியலில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த கதை வேறு இல்லை. 1960-இல் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குட்டைக் குரோமோசோமைப் பார்த்தார்கள். ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற கலப்பு மரபணு உருவாகிறது. அதிலிருந்து வரும் புரதம், அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி, செல்லைப் பெருகு பெருகு என்று விரட்டுகிறது. அந்தச் சுவிட்சை அடைக்கும் இமாட்டினிப்புக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே வருடமே மருந்துக்கு மசியாத நோயாளிகளிடம் டி315ஐ என்ற மரபணு மாற்றம் இருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்தும் எதிர்ப்பும் ஒரே வருடத்தில் வந்து நின்றன.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"மருந்து எதிர்ப்பை ஆராய்கிறேன்" என்பது கேள்வி இல்லை. "இமாட்டினிப்பில் வளர்த்த கே-562 செல்கள், பிசிஆர்-ஏபிஎல்லை நம்பியே பிழைக்கின்றனவா, வேறு வழி பிடித்துவிட்டனவா?" என்பது கேள்வி. கே-562 என்பது இந்த நோயாளி ஒருவரிடமிருந்து வந்த செல் வகை; பின்னால் சொல்கிறேன். கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து புதுக் கருவி ஒன்று வரும், யாராவது புதுச் சோதனை சொல்வார்கள், மனம் அலையும். அப்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாம் படி: அனுமதியும் உதவித்தொகையும்

விற்பனைக்குக் கிடைக்கும் செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளரும் செல் வம்சம்) என்றால் பெரிதாகத் தடை இல்லை. கிரிஸ்பர் (மரபணுவை வெட்டும் முறை) செய்யப்போகிறீர்கள், வைரஸ் வழியாக மரபணு புகுத்தப்போகிறீர்கள் என்றால் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். நோயாளியின் ரத்தம் எடுக்க நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளை ஒருமுறையாவது முழுசாகப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். குழு கூடும் தேதி மூன்று மாதம் தள்ளிப்போவது சாதாரணம். அதனால் சேர்ந்த முதல் மாதமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

உதவித்தொகைக்கு சிஎஸ்ஐஆர்-யூஜிசி நெட், டிபிடியின் (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) தேர்வு, ஐசிஎம்ஆர் தேர்வு மூன்றும் எழுதுங்கள். ஜேஆர்எஃப் என்ற ஜூனியர் ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். சீனியர் ஆனதும் 42,000. சில நேரம் பணம் மாதக் கணக்கில் தாமதமாக வரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மூன்றாம் படி: செல்லை வாங்கி, முதலில் உறைய வையுங்கள்

கே-562 என்பது 1970-இல், இந்த நோய் முற்றிய 53 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரல் உறையில் சேர்ந்த நீரிலிருந்து எடுக்கப்பட்ட செல்களின் வம்சம். அவருடைய செல்கள் இன்றும் உலகமெங்கும் பிரிந்துகொண்டிருக்கின்றன. ஃப்ளாஸ்க்கை எடுக்கும்போது அது ஒரு மனுஷியிலிருந்து வந்தது என்பது நினைவில் இருக்க வேண்டும் என்று நான் ஜூனியர்களிடம் சொல்வதுண்டு.

பக்கத்து ஆய்வகத்து அண்ணனிடம் கேட்டு வாங்குவது சுலபம்தான். ஆனால் புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்து வாங்குங்கள். அப்படி வாங்கினாலும் எஸ்டிஆர் சோதனை (செல்லின் டிஎன்ஏ கைரேகை) செய்து, இது கே-562தான் என்று உறுதிப்படுத்துங்கள். ஹீலா போன்ற வேகமான செல்கள் வேறு ஃப்ளாஸ்க்குக்குள் புகுந்து அதை ஆக்கிரமித்த கதை இந்தத் துறையில் ஏராளம்.

செல் வந்து நன்றாக வளரத் தொடங்கியதும் முதல் வேலை சோதனை இல்லை, உறையவைப்பது. 10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் கரைப்பான்) கலந்த சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீர்) குறைந்தது பத்து வயல், அதாவது உறையவைக்கும் சிறு குப்பி. நிமிடத்துக்கு ஒரு டிகிரி குறைகிற மாதிரி மைனஸ் 80-இல் ஒரு இரவு, அப்புறம் திரவ நைட்ரஜன். பின்னால் என்ன கெட்டாலும் திரும்பி வர இந்தப் பத்து வயல் இருக்கும்.

அடுத்தது மைக்கோபிளாஸ்மா, செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியா. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டாம் வருடம் என் செல்கள் மெதுவாக வளர்ந்தன, மருந்து போட்டாலும் அவ்வளவாகச் சாகவில்லை. எதிர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்து நான்கு மாதம் அதன் மேல் சோதனை மேல் சோதனையாகச் செய்தேன். கடைசியில் பிசிஆர் (PCR, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை; பிசிஆர்-ஏபிஎல்லோடு குழப்ப வேண்டாம்) செய்து பார்த்தால் மைக்கோபிளாஸ்மா. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அது தெரியாது. செல் சுவர் இல்லாததால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் நுழைந்துவிடும். செல்லின் உணவைத் தின்று, உயிருள்ள செல்லை அளக்கும் எம்டிடி சோதனையின் எண்ணையே மாற்றிவிடும். எல்லா ஃப்ளாஸ்க்கையும் ஆட்டோகிளேவில் போட்டு அழித்துவிட்டு, நைட்ரஜனில் இருந்த பழைய வயலை எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பிசிஆர். தேதியை இன்குபேட்டர் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுவேன்.

நான்காம் படி: எவ்வளவு மருந்து, எவ்வளவு சாவு

கே-562 ஒட்டாமல் மிதக்கும் செல். ஒட்டிய செல்லைப் பிரிக்கும் டிரிப்சின் நொதி தேவையில்லை. ஆர்பிஎம்ஐ மீடியாவில் (செல் வளரும் சத்துத் திரவம்) 10 சதவீத சீரம், 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு. ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாமல், பத்து லட்சத்தைத் தாண்டாமல் வைத்தால் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும்.

இமாட்டினிப்பை டிஎம்எஸ்ஓவில் 10 மில்லிமோலார் ஸ்டாக்காக (அடர் கரைசலாக) கரைத்து, சின்னச் சின்னதாகப் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். கணக்கு சுலபம்: அந்த ஸ்டாக்கில் 1 மைக்ரோ லிட்டரை 10 மில்லி மீடியாவில் போட்டால் 1 மைக்ரோமோலார். இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா மருந்தையும் டிஎம்எஸ்ஓவில் கரைக்கிற பழக்கத்தில் சிஸ்பிளாட்டினையும் அதில் கரைத்துவிடாதீர்கள். டிஎம்எஸ்ஓ அந்தப் பிளாட்டினத்தோடு பிணைந்து மருந்தைச் செயலிழக்க வைத்துவிடும். சிஸ்பிளாட்டினுக்கு உப்புக் கரைசல்தான்.

96 குழித் தட்டில் ஒரு குழிக்கு 5,000 செல். ஓரத்துக் குழிகளில் செல் போடாதீர்கள். நம் ஊர் ஏசி அறையிலும் ஓரம் காய்ந்து எண் கோணலாகும். அங்கே வெறும் உப்புக் கரைசல் ஊற்றி விடுங்கள். 0.05-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே 3.2 மைக்ரோமோலார் வரை ஏழு அளவு, மருந்தில்லாத ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று குழி. 72 மணி நேரம் கழித்து எம்டிடி. உயிருள்ள செல் அந்த மஞ்சள் பொருளை ஊதாப் படிகமாக்கும். மிதக்கும் செல் என்பதால் தட்டையே சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிட்டுத்தான் மேல் திரவத்தை எடுக்க வேண்டும். இதை மறந்தால் பாதிச் செல் பிப்பெட்டோடு போய்விடும். படிகத்தை டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில் படியுங்கள்.

வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் அளவுதான் ஐசி 50. வேறு வேறு வாரத்தில், வேறு வேறு பாஸேஜில் (செல்லைப் பிரித்துப் புது ஃப்ளாஸ்க்குக்கு மாற்றும் தடவை) மூன்று முறை செய்தால்தான் அது எண். ஒரே நாளில் மூன்று தட்டு போட்டுவிட்டு மூன்று முறை என்று எழுதுவது சரியில்லை.

ஐந்தாம் படி: கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது

பொறுமை தேவைப்படுவது இங்கேதான். ஐசி 50-க்கு நன்றாகக் கீழே, செல்களில் பத்தில் ஒன்றிரண்டு மட்டும் பாதிக்கப்படும் அளவில் தொடங்குங்கள். முதல் வாரம் செல்கள் தளரும். பாசிப்பருப்பு மாதிரி முழுசாக இருந்தவை சுருங்கி, ஓரம் கரடுமுரடாகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சுற்றி, செத்ததைக் கழித்து, புது மீடியாவும் புது மருந்தும் கொடுங்கள். டிரைபேன் நீலத்தில் எண்ணினால் செத்த செல் நீலமாகும். பத்தில் ஒன்பதுக்கு மேல் உயிரோடு, பழைய வேகத்தில் இரட்டிக்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்த அளவு. அவசரப்பட்டு ஒரே தாவாக இரட்டித்தால் எல்லாம் செத்து, இரண்டு மாதம் பின்னால் போவீர்கள்.

ஒவ்வொரு அளவிலும் மூன்று வயல் உறையவையுங்கள். அப்போது, எதிர்ப்பு எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று பின்னால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியும். 0.1-இல் இல்லாத மாற்றம் 0.4-இல் இருக்கிறது என்றால், அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

இந்தப் படியில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று உண்டு: தாய் ஃப்ளாஸ்க். மருந்து பெறும் செல்களின் பக்கத்திலேயே, அதே நாளில் பிரித்து, அதே மீடியா கொடுத்து, மருந்துக்குப் பதில் அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்து ஒரு ஃப்ளாஸ்க்கை வளர்த்துக்கொண்டே வாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. பாஸேஜ் 60-இல் உள்ள எதிர்ப்புச் செல்லை, நைட்ரஜனிலிருந்து அப்போதுதான் எடுத்த பாஸேஜ் 8 செல்லோடு ஒப்பிடுகிறார்கள். கிடைக்கும் வித்தியாசத்தில் எது மருந்தால் வந்தது, எது ஒரு வருடம் பிளாஸ்டிக்கில் வளர்ந்ததால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. முடிந்தால் மருந்து வரிசையையும் தனித்தனியாக மூன்றாக நடத்துங்கள். மூன்றிலும் ஒரே மரபணு வந்தால் அதற்கு எடை உண்டு. ஒன்றில் மட்டும் வந்தால் தற்செயலாக இருக்கலாம்.

எந்த அளவில் நிறுத்துவது? தினம் 400 மில்லிகிராம் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் அடுத்த மாத்திரைக்கு முன் இருக்க வேண்டிய அளவு ஒரு மில்லிக்கு சுமார் 1,000 நானோகிராம். மோலார் கணக்கில் ஏறக்குறைய 2 மைக்ரோமோலார். அதனால் 1, 2 மைக்ரோமோலாரில் நன்றாக வளரும் செல், நோயாளியோடு பேசக்கூடிய செல். 20 வரை ஏற்றிக் காட்டுவது வீரமாகத் தெரியலாம், ஆனால் எந்த மனிதருக்குள்ளும் அந்த அளவு மருந்து இருக்காது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள்.

நம் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தில் பூஞ்சை எங்கிருந்தோ வரும். இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டை அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை மாற்றுங்கள். அட்டைப்பெட்டி எதையும் செல் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்து ஊரையே வெள்ளத்தில் மிதக்கவிட்டது. புயல் எச்சரிக்கை வந்த உடனே மூன்று வேலை: நைட்ரஜன் கலனை நிரப்பச் சொல்வது, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா வரிசையிலிருந்தும் வயல் உறையவைப்பது, ஜெனரேட்டர் டீசலைப் பார்ப்பது. மின்சாரம் மூன்று நாள் போனாலும் நிரம்பிய நைட்ரஜன் கலன் தாங்கும். மைனஸ் 80 ஃப்ரீசர் தாங்காது. ஒரு பகுதி வயல்களை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

ஆறாம் படி: எதிர்ப்பு உண்மைதானா

தாய்ச் செல்லையும் எதிர்ப்புச் செல்லையும் ஒரே தட்டில், ஒரே நாளில் வைத்து ஐசி 50 எடுங்கள். தாய்க்கு 0.25, எதிர்ப்புச் செல்லுக்கு 2.5 என்று வந்தால் எதிர்ப்பு பத்து மடங்கு. சோதனைக்கு மூன்று நாள் முன்பே எதிர்ப்புச் செல்லை மருந்திலிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மருந்து கணக்கைக் குழப்பும்.

அப்புறம் ஒரு ஃப்ளாஸ்க்கை ஒரு மாதம் மருந்தே இல்லாமல் வளர்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எதிர்ப்பு அப்படியே இருந்தால் மரபணு மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். கரைந்துவிட்டால் தற்காலிகத் தாக்குப்பிடிப்பு. இரண்டாவதும் ஆராய வேண்டியதுதான். வழி மட்டும் வேறு.

ஏழாம் படி: எந்த வழியாகத் தப்பின

இங்கே உடனே ஆர்என்ஏ சீக்வென்சிங்குக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். இருபதாயிரம் மரபணுவின் பட்டியல் கையில் வரும், எதைப் பார்ப்பது என்று தெரியாது. முதலில் ஒரு வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்யுங்கள்.

பிசிஆர்-ஏபிஎல் வேலை செய்தால் கிர்க்-எல் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றும். தாய்ச் செல்லுக்கு 1 மைக்ரோமோலார் இமாட்டினிப் கொடுத்து சில மணி நேரத்தில் பார்த்தால் பாஸ்பேட் ஏறிய கிர்க்-எல் பட்டை மங்கிவிடும். அதே மருந்தில் இருக்கும் எதிர்ப்புச் செல்லில் பட்டை எப்படி இருக்கிறது? அடர்த்தியாகவே இருந்தால் மருந்தால் சுவிட்சை அடைக்க முடியவில்லை. ஒன்று சுவிட்ச் உருமாறியிருக்கிறது, அல்லது அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகிறது, அல்லது மருந்து உள்ளே தங்குவதே இல்லை. பட்டை மங்கியிருந்தும் செல் கொழுகொழுவென்று வளர்ந்தால், சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது. செல் வேறு இடத்திலிருந்து மின்சாரம் இழுக்கிறது. ஒரே ஜெல் உங்கள் அடுத்த ஆறு மாதத்தின் திசையைச் சொல்லிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

பட்டை அடர்த்தியாக இருந்தால் மூன்று இடங்களில் தேடுங்கள்.

மரபணு வரிசை முதலில். ஆர்என்ஏவிலிருந்து சிடிஎன்ஏ (அதன் டிஎன்ஏ நகல்) செய்து, முன் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) பிசிஆர் (BCR) மரபணுப் பக்கத்திலும் பின் பிரைமர் ஏபிஎல் பக்கத்திலும் இருக்கும்படி முதல் பிசிஆர் (PCR) சோதனையைச் செய்ய வேண்டும். ஏபிஎல்லில் மட்டும் பிரைமர் வைத்தால், மாறாத சாதாரண ஏபிஎல்லும் கலந்து பெருகி, மாற்றத்தை மறைத்துவிடும். அதன் பிறகு, பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் பகுதியை சாங்கர் முறையில் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். டி315ஐ என்பது ஒரே ஒரு எழுத்து: ஏசிடி என்பது ஏடிடி ஆகிவிடும். 315-ஆம் இடத்து திரியோனின் ஐசோலூசின் ஆகிறது. இமாட்டினிப் அந்தத் திரியோனினோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துத்தான் உட்காரும். ஐசோலூசினுக்கு அந்தக் கை இல்லை, உடம்பும் பெரியது. மருந்துக்கு இடமே விடாது. 2006-இல் வந்த டாசாட்டினிப்பும் இந்த இடத்தில் தோற்றது. 2012-இல் வந்த பொனாட்டினிப்தான் சமாளித்தது. சாங்கரில் ஒன்றைக் கவனியுங்கள்: ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான செல்களில் மாற்றம் இருந்தால் அது கண்ணுக்குத் தப்பும்.

அடுத்து அளவு. ரியல் டைம் பிசிஆர் (PCR) சோதனையில் பிசிஆர்-ஏபிஎல் ஆர்என்ஏ தாயைவிட எத்தனை மடங்கு என்று பாருங்கள். சிடி எண்ணில் (பெருக்கம் தெரியத் தொடங்கும் சுற்று) 3 வித்தியாசம் என்றால் எட்டு மடங்கு. ஆர்என்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் 2-ஐ ஒட்டி இருக்கட்டும். ஆர்என்ஏ எடுக்கும் நாளில் பேச்சுகூட வேண்டாம் என்பேன். எச்சிலில் இருக்கும் ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி) போதும், இரண்டு மணி நேர உழைப்பைக் கரைக்க.

மூன்றாவது, பம்ப். ஏபிசிபி1 மரபணு தரும் பி-கிளைகோபுரதம், 1976-இல் ஜூலியானோவும் லிங்கும் கண்டது. செல்லின் சவ்வில் உட்கார்ந்து, உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் மணலில் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருகிறதே வின்கிறிஸ்டின், அதையும் இதே பம்ப் இறைத்துத் தள்ளும். அதனால்தான் இமாட்டினிப்பில் வளர்த்த செல் சில நேரம் தான் பார்த்தே இராத வின்கிறிஸ்டினுக்கும் மசியாது. சோதிக்க ரோடமின் 123 சாயம் போதும். செல்லுக்குள் ஏற்றிவிட்டு, செல் செல்லாக ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பாருங்கள். பம்ப் இருந்தால் ஒளி சீக்கிரம் குறையும். பம்பை அடைக்கும் வெராபமில் கொடுத்ததும் ஒளி உள்ளேயே தங்கினால் சந்தேகம் உறுதி.

கிர்க்-எல் பட்டை மங்கியிருந்தால் எஸ்ஆர்சி குடும்பத்து லின் கைனேஸைப் பாருங்கள். இமாட்டினிப்பை எதிர்த்த கே-562 செல்களில் இது மிகுந்திருப்பது ஏற்கனவே தெரிந்தது. அதுவும் இல்லை என்றால்தான் ஆர்என்ஏ சீக்வென்சிங். அப்போது கேள்வி கூர்மையாக இருக்கும், பட்டியலைப் படிக்கத் தெரியும்.

எட்டாம் படி: கூட வந்ததா, காரணமா

எதிர்ப்புச் செல்லில் ஏபிசிபி1 இருபது மடங்கு என்று தெரிந்துவிட்டது. இதோடு கட்டுரை எழுத உட்காருகிறவர்கள் பலர். ஆனால் ஒரு வருடம் மருந்தில் வளர்ந்த செல்லில் நூறு மரபணு ஏறியிருக்கும், நூறு இறங்கியிருக்கும். திருவிழாக் கூட்டத்தில் தேர் நகர்கிறது; தேரைத் தொட்டுக்கொண்டு நடப்பவர் எல்லாம் வடம் பிடித்தவர் ஆகிவிட மாட்டார்.

அதனால் இரண்டு பக்கமும் சோதியுங்கள். எதிர்ப்புச் செல்லில் அந்த மரபணுவை எஸ்ஐஆர்என்ஏ அல்லது கிரிஸ்பரால் அடக்குங்கள். ஐசி 50 தாயின் எண்ணை நோக்கி இறங்குகிறதா? தாய்ச் செல்லில் அதே மரபணுவை மிகுதியாகப் புகுத்துங்கள். ஐசி 50 ஏறுகிறதா? இரண்டும் நடந்தால்தான் காரணம் என்று சொல்ல உரிமை. பாதிதான் இறங்கியது என்றால் பாதி என்று எழுதுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது என்று அர்த்தம். கே-562-க்குள் எஸ்ஐஆர்என்ஏவைக் கொழுப்புத் துளியில் வைத்து அனுப்புவது பெரும்பாலும் தோற்கும். மின் அதிர்வால் செல்லுக்குள் புகுத்தும் எலக்ட்ரோபொரேஷன் கருவி எந்தத் துறையில் இருக்கிறது என்று முன்பே விசாரித்து, முன்பதிவு செய்துகொள்ளுங்கள். டி315ஐ போன்ற மாற்றத்தைச் சோதிக்க பிஏ/எஃப்3 என்ற எலிச் செல் இருக்கிறது. ஐஎல்-3 என்ற வளர்ச்சிப் புரதம் இல்லாமல் அது பிழைக்காது. பிசிஆர்-ஏபிஎல் கொடுத்தால் பிழைக்கும். மாறிய வடிவம், மாறாத வடிவம் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்து மருந்து போட்டால் பதில் சுத்தமாகக் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: நோயாளியின் ரத்தம்

ஃப்ளாஸ்க்கில் கண்டது மனிதரிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வேலை முடியாது. ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருப்பது புதுச்சேரி மாணவர்களுக்கு வாய்ப்பு. கடலூர், விழுப்புரம், அதற்கும் அப்பாலிருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள். மருத்துவரோடு கூட்டாக விண்ணப்பித்து, அவருடைய வழியாகத்தான் நோயாளியை அணுக வேண்டும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில், வாசித்துக் காட்டினால் புரிகிற தமிழில் எழுதுங்கள். விருத்தாசலத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த ஒரு பெரியவரிடம் "ஐயா, இந்த ரத்தத்தால உங்களுக்கு இப்ப பலன் எதுவும் இல்லை. நாளைக்கு இதே நோய் வர்றவங்களுக்கு உதவலாம். வேணாம்னா வேணாம், உங்க வைத்தியம் எதுவும் மாறாது" என்று சொல்லிவிட்டு, அவர் யோசிக்க நேரம் கொடுங்கள். அவர் "எடுத்துக்கம்மா" என்று கையை நீட்டும்போது அந்தக் குழாய்க்கு நாம் பொறுப்பாளி ஆகிறோம். ஈடிடிஏ குழாயில் எடுங்கள். ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆர்என்ஏ எடுத்துவிடுங்கள்.

மருந்து வேலை செய்யவில்லை என்று வரும் எல்லோரிடமும் மரபணு மாற்றம் இருக்காது. மாத்திரை விடுபட்டிருக்கலாம். கையில் காசில்லாமல், குமட்டல் தாங்காமல், "நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டவர்கள் உண்டு. மாதத்தில் சில நாள் தவறினாலே ரத்தத்தில் மருந்து போதாது. அதனால் சாம்பிளோடு, மாத்திரையை எப்படிச் சாப்பிட்டார்கள் என்ற விவரத்தையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் சீக்வென்சிங் முடிவை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

கடைசிப் படி: அடுத்தவருக்குக் கொடுக்கும் முன்

நீங்கள் கிளம்பும் நாள் வரும். உங்கள் எதிர்ப்பு வரிசைகளை வேறு யாரோ எடுத்து வேலை செய்வார்கள். வயல் மேல் செல் பெயர், மருந்து அளவு, பாஸேஜ் எண், தேதி நான்கும் திரவ நைட்ரஜனில் அழியாத பேனாவில் இருக்க வேண்டும். எந்தக் கலன், எந்தத் தட்டு, எந்தக் கட்டம் என்ற வரைபடம் நோட்டில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று. பிறகு ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வயலை எடுத்து உருக்கி, வளர்த்து, மைக்கோபிளாஸ்மா பார்த்து, ஐசி 50 எடுத்து, பழைய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இதற்கு ஒரு மாதம் பிடிக்கும். ஆய்வேடு எழுதும் அவசரத்தில் எல்லோரும் தள்ளிப்போடுவது இதைத்தான்.

போன ஐப்பசியில் அந்தப் பெண் கொட்டப்போன ஃப்ளாஸ்க்கிலிருந்து இப்போது நைட்ரஜனில் ஒன்பது வயல் இருக்கின்றன. முதலாவதை அடுத்த வாரம் அவளே உருக்கப்போகிறாள்.